வாசகர் கேள்வி – பதில்: நம் ரஞ்சி அணிக்கு என்னதான் வேண்டும்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, மாநிலங்களுக்கிடையே நடக்கும் பல நாள் கிரிக்கெட்டான ரஞ்சி கோப்பையில் ஆடும் தமிழ்நாட்டு அணியைப் பற்றித்தான். அதிலும் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் என்று நம் கொங்குப் பக்கத்திலிருந்துதான் அதிகம். கோவையில் ஆட்டங்கள் நடக்கின்றன, ஜனங்கள் நேரில் போய்ப் பார்க்கிறார்கள், பார்த்ததும் வயிறு எரிகிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2025 அக்டோபரில் ராமகிருஷ்ணா கல்லூரி மைதானத்தில் ஜார்க்கண்ட் ஆட்டத்தைப் பார்த்தேனுங்க. இன்னிங்ஸ் தோல்வி. சொந்த ஊரில் இப்படித் தோற்கிற அணி ஒரு நல்ல சீசன் ஆட என்னதான் வேண்டும்?
– பீளமேடு வாசகர்

ஒரே வரியில் சொல்லச் சொன்னால், எந்த ஊர் ஆடுகளத்திலும் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 20 விக்கெட் எடுக்கிற பந்துவீச்சு. அதிலும் வேகப்பந்து. மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் பார்த்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஜார்க்கண்ட் 419, இஷான் கிஷன் மட்டும் 173. நாம் 93, பாலோ-ஆன் வாங்கி, அதாவது உடனே மறுபடி பேட் பிடிக்க வேண்டி வந்து, 212. இன்னிங்ஸும் 114 ரன்னும் வித்தியாசம். எல்லாரும் அந்த 93-ஐத்தான் பிடித்துக்கொண்டு பேட்ஸ்மேன்களைத் திட்டினார்கள், திட்ட வேண்டியதுதான், ஆனால் எனக்கு அதைவிட அந்த 419 உறுத்துகிறது. எதிரணியை 250-க்குள் சுருட்டுகிற அணியில் பேட்ஸ்மேன் ஒரு நாள் சொதப்பினாலும் ஆட்டம் கையில் இருக்கும். 400 அடிக்க விட்டுவிட்டுப் பேட் பிடிக்க இறங்குகிறவன், ஒன்றரை நாள் வெயிலில் நின்ற காலோடுதான் புதுப் பந்தைச் சந்திக்கிறான்.

இதே மைதானத்தில் ஒரு வருடம் முன்னால், 2024 அக்டோபரில், சௌராஷ்டிராவை இன்னிங்ஸும் 70 ரன்னும் வித்தியாசத்தில் அடித்தோம், ஞாபகம் இருக்கிறதா? முதல் ரஞ்சி ஆட்டம் ஆடிய குர்ஜப்னீத் சிங் இரண்டாவது இன்னிங்ஸில் 22 ரன்னுக்கு 6 விக்கெட். புஜாரா டக் அவுட். சௌராஷ்டிரா 94-க்குச் சுருண்டது. நல்ல உயரமான இடது கை வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் ஒரு ஸ்பெல் ஒழுங்காகப் போட்டதும் எத்தனை மாற்றம் பாருங்கள். எதிரணியில் இருந்தவர்கள் சாதாரண ஆட்களும் இல்லை.

நம் பலம் எப்போதும் சுழல். 2023–24 சீசனில் சாய் கிஷோர் 53 விக்கெட் எடுத்து நாட்டிலேயே முதலிடம் பிடித்தார், மறுமுனையில் அஜித் ராமும் நன்றாகப் போட்டார். அந்த பலத்தில் 2024 பிப்ரவரியில் கோவையில் நடந்த காலிறுதியில் சௌராஷ்டிராவை 183-க்கும் 122-க்கும் உருட்டி இன்னிங்ஸ் வெற்றி பெற்றோம். சரி, அடுத்த வாரம் என்ன ஆனது? அரையிறுதி மும்பையில், பாந்த்ரா குர்லா வளாக மைதானத்தில். நாம் 146. மும்பையையும் 106-க்கு 7 என்று தள்ளிவிட்டோம், சாய் கிஷோருக்கு 6 விக்கெட். அந்த இடத்தில் ஆட்டம் நம்முடையதுதான். பிறகு ஷர்துல் தாக்கூர் 109, தனுஷ் கோட்டியன் ஆட்டமிழக்காமல் 89, மும்பை 378. கடைசி 3 விக்கெட்டுக்கு 272 ரன். கடைசி வரிசை ஆட்டக்காரர்களை, அதாவது டெயிலை, வேகத்தில் மிரட்டி எடுத்துப் போட ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். இன்னிங்ஸும் 70 ரன்னும் வித்தியாசத்தில் தோற்று, இறுதிப்போட்டி கனவும் போனது.

அதற்கடுத்த வருடம், 2025 பிப்ரவரியில் நாக்பூர் காலிறுதி. விதர்பா முதலில் 353 அடித்தது. நாம் 225, ஆதித்ய தாக்கரே என்கிற வேகப்பந்து வீச்சாளர் 34 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். 198 ரன்னில் தோற்றோம். 2025–26-இல் லீக் சுற்றைத் தாண்டவில்லை. மூன்று சீசனையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓட்டை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

திருப்பூர் தமிழன்ஸ் 2025-இல் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக் டி20) கோப்பையை அடித்தார்கள். கோவை கிங்ஸும் கோப்பை வாங்கியிருக்கிறார்கள். இவ்வளவு ஆள் இருந்தும் ரஞ்சியில் மட்டும் ஏன் இப்படி?
– திருப்பூர், பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் வாசகர்

கோவை கிங்ஸ் 2022-இல் சேப்பாக்கம் அணியுடன் பகிர்ந்துகொண்டது, 2023-இல் தனியாகவே வென்றது. மாநில அணியாகப் பார்த்தாலும் டி20-க்கான சையத் முஷ்டாக் அலி கோப்பை 3 முறை, ஒரு நாள் ஆட்டத்துக்கான விஜய் ஹசாரே கோப்பை 5 முறை. ஆனால் ரஞ்சி? 1954–55, 1987–88. இரண்டே தடவை. அந்த இரண்டாவதையும் எஸ். வாசுதேவன் தலைமையில் ரயில்வேயைத் தோற்கடித்து வாங்கியதோடு சரி. அன்றைக்குப் பிறந்த குழந்தைக்கு இன்று நாற்பது வயதை நெருங்குகிறது. நடுவில் 1991–92, 1995–96, 2002–03, 2003–04, 2011–12, 2014–15 என்று ஆறு முறை இறுதிவரை போய்விட்டுத் திரும்பி வந்தோம்.

டி20-இல் ஒரு பந்துவீச்சாளர் 4 ஓவர் போட்டால் வேலை முடிந்தது. அதுவும் நான்கும் சேர்ந்தாற்போல் வராது. ரஞ்சியில் ஒரு நாளைக்கு 90 ஓவர், அதில் முக்கிய பந்துவீச்சாளர் 18, 20 ஓவர் போட வேண்டும், மறுநாள் காலையும் எழுந்து போட வேண்டும். மெதுப்பந்து, யார்க்கர், பவுன்சர் என்று மாற்றி மாற்றிப் போட்டுத் தப்பிப்பது அங்கே உதவாது. ஆறு பந்தையும் ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே அதே இடத்தில், அதே நீளத்தில், ஒரு மணி நேரம் போடுகிற பொறுமை வேண்டும். நம் பசங்களுக்குத் திறமை இல்லை என்று சொல்லவே மாட்டேன். அந்தப் பொறுமையைக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு ஆட்டமே கிடைப்பதில்லை. சென்னை முதல் டிவிஷனில் பல நாள் ஆட்டங்கள் உண்டு. மாவட்டத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நாள் ஆட்டம்தான், காலையில் டாஸ், சாயங்காலம் பரிசு. கோவையிலும் சேலத்திலும் ஈரோட்டிலும் இருக்கிற 17, 18 வயதுப் பையன்களுக்கு வருடத்தில் கொஞ்சம் மூன்று நாள் ஆட்டங்கள் கொடுங்கள், எந்த ஏலமும் கோடியும் வேண்டாம், சிவப்புப் பந்தும் நல்ல அம்பயரும் மதியச் சாப்பாடும் போதும். மாநில அணிக்கு நான் கேட்பதில் இதுதான் முதன்மை.

முதல் இன்னிங்ஸ் லீட், போனஸ் புள்ளி என்று எழுதுகிறீர்கள். எனக்கும் என் வகுப்பு மாணவிகளுக்கும் புரியும்படி சொல்லுங்களேன்.
– கோபிசெட்டிபாளையம் ஆசிரியை

சொல்கிறேன் அம்மா. வெற்றிக்கு 6 புள்ளி. இன்னிங்ஸ் வித்தியாசத்திலோ 10 விக்கெட் வித்தியாசத்திலோ வென்றால் கூடுதலாக 1. ஆட்டம் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் அதிக ரன் எடுத்த அணிக்கு 3, மற்றதற்கு 1. எலைட் என்கிற மேல் பிரிவில் 32 அணிகள், எட்டெட்டாக நான்கு குழு. ஒவ்வொரு அணிக்கும் 7 ஆட்டம். குழுவில் முதல் இரண்டு இடம் பிடித்தால் காலிறுதி. ஏழே ஆட்டம் என்பதால் ஒவ்வொரு புள்ளியும் உயிர்.

2025 நவம்பரில் கோவையில் உத்தரப் பிரதேசத்தோடு ஆடியதை மாணவிகளுக்குச் சொல்லுங்கள். நாம் 455. இந்திரஜித் 149. அவர்கள் 460. ரிங்கு சிங் 176. ஐந்தே ரன்! ஆட்டம் டிரா, அவர்களுக்கு 3, நமக்கு 1. நம் கடைசி மூன்று பேர் இன்னும் ஒரு பத்து ரன் சேர்த்திருந்தாலோ, அவர்களுடைய டெயிலை ஒரு ஓவர் முன்னால் முடித்திருந்தாலோ கணக்கு தலைகீழ். 9, 10, 11-ஆம் எண்ணில் வருகிறவர்களுக்கு வலைப்பயிற்சியில் தினமும் அரை மணி நேரம் ஒதுக்குகிற அணிதான் கோப்பை பக்கம் போகும். மும்பை 2024 காலிறுதியில் பரோடாவுக்கு எதிராக 10-ஆவது, 11-ஆவது ஆட்டக்காரர்கள் இருவருமே சதம் அடித்தார்கள், தனுஷ் கோட்டியனும் துஷார் தேஷ்பாண்டேவும்.

என் மகனுக்கு 17 வயது. டென்னிஸ் பாலில் ஊரே பேசுகிற வேகம். நைட் மேட்சுக்கு எல்லா ஊரிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். நடராஜன் மாதிரி வர முடியுமா? நான் லாரி பாடி பட்டறை வைத்திருக்கிறேன், கிரிக்கெட் எனக்குத் தெரியாதுங்க.
– நாமக்கல் வாசகர்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். முடியும் என்று பொய்யாக உறுதி தர மாட்டேன், ஆனால் வழி இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

நடராஜன் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர். டென்னிஸ் பாலில்தான் வளர்ந்தார். சென்னைக்குப் போய் லீக் ஆடி 2015-இல் ரஞ்சிக்குள் நுழைந்தார். உடனே அவர் பந்து எறியும் முறை மீது புகார் வந்தது. முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. அதைச் சரிசெய்து மறுபடி வர வேண்டியிருந்தது. நல்ல மனது இல்லாதவன் அங்கேயே முடிந்திருப்பான். 2020 டிசம்பரில் இந்திய அணிக்கு ஆடத் தொடங்கி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட்டில் முதல் இன்னிங்ஸிலேயே 3 விக்கெட். இப்போது சின்னப்பம்பட்டியிலேயே அவர் கட்டிய மைதானம் இருக்கிறது.

உங்கள் மகன் விஷயத்தில் முதலில் செய்ய வேண்டியது, டென்னிஸ் பாலைக் குறைப்பது. சாதாரண டென்னிஸ் பந்து 60 கிராமைத் தொடாது, ஸ்டிச் பால், அதாவது தோல் பந்து, 156 கிராமுக்குக் குறையாது. லேசான பந்தில் கையைச் சுழற்றி வேகம் எடுத்துப் பழகியவன், கனமான பந்தையும் அதே கையால் இழுத்தால் முழங்கை மடங்கும், தோள் வலிக்கும். வேகம் இடுப்பிலிருந்தும் காலிலிருந்தும் வர வேண்டும். அதனால் ஒரு பயிற்சியாளர் பார்வையில், பாய் விரித்த மேட் பிட்ச்சில் ஆரம்பித்துப் புல்தரைப் பிட்ச்சுக்கு மாறட்டும். மேட் பிட்ச்சில் எழும்பும் பந்து புல்தரையில் அப்படியே எழும்பாது. பந்தின் தையலை (சீம்) நேராக நிறுத்திப் பிடிக்கக் கற்றுக்கொள்ள அதுதான் நேரம்.

இரண்டாவது, முதுகு. 16–20 வயது வேகப்பந்து வீச்சாளர்களுக்குக் கீழ் முதுகெலும்பில் நூல் மாதிரி விரிசல் விழுவது சகஜம். வாரத்தில் எத்தனை பந்து போடுகிறான் என்று நோட்டில் எழுதி வையுங்கள். சனிக்கிழமை ராத்திரி முழுக்க நைட் மேட்ச் ஆடிவிட்டு ஞாயிறு காலை லீக் ஆட்டத்துக்கு ஓடுவது வேண்டவே வேண்டாம். முதுகு வலி என்று சொன்னால் தைலம் தேய்த்து அனுப்பாதீர்கள், எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். நல்ல பவுலிங் ஷூ வாங்கிக் கொடுங்கள், பேட்டை விட அதற்குச் செலவு செய்வது மேல்.

மூன்றாவது, மாவட்ட சங்கத்தில் பதிவாகியிருக்கிற ஒரு கிளப்பில் சேர்த்துவிடுங்கள். மாவட்ட 19 வயதுக்குட்பட்டோர் செலக்‌ஷன் எப்போது என்று நேரில் போய்க் கேளுங்கள். அங்கிருந்து மாநிலத்துக்குப் போனால் கூச் பெஹார் கோப்பை, அப்புறம் 23 வயதுக்குட்பட்டோருக்கான சி.கே. நாயுடு கோப்பை, அதுதான் ரஞ்சிக்கு முந்தின படி. பிளஸ் டூவை நிறுத்த வேண்டாம். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடும் இருக்கிறது.

நான் தேடுகிற வேகப்பந்து வீச்சாளர்கள் உங்கள் மகனைப் போன்றவர்கள்தான், ஐயா. நம் பக்கத்துக் கிராமங்களில் ராத்திரி லைட் போட்டு ஆடுகிற மைதானங்களில் எத்தனையோ பேர் 20 வயதில் வேகத்தைத் தொலைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைத் தேடி மாநிலப் பயிற்சியாளர்கள் வர வேண்டும், பையன்கள் மட்டுமே சென்னைக்குப் பஸ் ஏறிக்கொண்டிருக்கக் கூடாது.

விதர்பா, கேரளா எல்லாம் வெளி மாநில ஆட்களை வைத்து ஜெயிக்கிறார்கள். நாமும் கூட்டி வந்தால் என்ன?
– ஈரோடு வாசகர்

வேகப்பந்து வீச்சாளர் என்றால் கூட்டி வரலாம். பேட்ஸ்மேன் என்றால் வேண்டாம்.

விதர்பா கதையை முழுசாகப் பார்க்க வேண்டும். வாசிம் ஜாஃபரும், பின்னாளில் கருண் நாயரும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் 2017–18 இறுதியில் டெல்லிக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்த ரஜ்னீஷ் குர்பானியும், 2024–25-இல் 69 விக்கெட் எடுத்து ஒரே சீசனில் அதிக விக்கெட் என்கிற சாதனை படைத்த ஹர்ஷ் துபேயும் அங்கே வளர்ந்த பசங்க. வெளியூர்க்காரர் கூட இருந்து கற்றுக் கொடுத்தார், விக்கெட்டைச் சொந்தப் பையன் எடுத்தான். சௌராஷ்டிரா 2019–20-இல் முதல் முறையாகக் கோப்பை வாங்கியபோது அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளர் உனத்கட் 67 விக்கெட். 2025 ஜனவரியில் ஜம்மு காஷ்மீர் மும்பைக்குப் போய், ரோஹித், ஜெய்ஸ்வால், ரஹானே, ஷ்ரேயாஸ் எல்லாரும் ஆடிய மும்பையைத் தோற்கடித்தது. அதுவும் சொந்த மாநில வேகப்பந்து வீச்சாளர்களை வைத்து. வசதி குறைந்த மாநிலத்தால் முடிகிறதென்றால், இத்தனை மைதானமும் பணமும் லீக்கும் வைத்திருக்கிற நம்மால் ஏன் முடியாது என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

ஜெகதீசன் நம்ம கோயமுத்தூர்க்காரர். அவரை விட்டுக் கொடுக்காமல் கேப்டனாகவே வைத்திருக்கக் கூடாதா?
– பொள்ளாச்சி வாசகர்

விஜய் ஹசாரேயில் 141 பந்தில் 277 அடித்தவர் மீது எனக்கும் பாசம் உண்டுங்க. ஆனால் ஊரைப் பார்த்துக் கேப்டன் போட வேண்டாம். யாராக இருந்தாலும் இரண்டு சீசன் முழுசாகக் கொடுங்கள். பயிற்சியாளருக்கும் அதே. 2024 அரையிறுதி முடிந்ததும் டாஸ் முடிவைப் பற்றிப் பயிற்சியாளர் வெளிப்படையாகக் கேப்டனைக் குறை சொன்னார், அடுத்த சீசனில் அந்தப் பயிற்சியாளர் இல்லை. அந்தப் பேச்சு அறைக்குள்ளேயே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

வாழப்பாடியில் இவ்வளவு நல்ல மைதானம் இருக்கிறது. ரஞ்சி ஆட்டங்கள் இங்கே அடிக்கடி வராதா அண்ணா?
– அயோத்தியாப்பட்டணம், கல்லூரி மாணவர்

2020 பிப்ரவரியில் ராகுல் டிராவிட் வந்து திறப்பு விழாவில் கலந்துகொண்ட மைதானம் தம்பி அது. டிஎன்பிஎல் அங்கே நடக்கும்போது கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான்கு நாள் ஆட்டமும் அங்கே அடிக்கடி வர வேண்டும் என்றுதான் நானும் கேட்கிறேன். கோவை ஒண்டிப்புதூரில் பெரிய ஸ்டேடியம் வரப்போகிறது என்று சொல்லியிருக்கிறார்கள், வரட்டும்.

ஆனால் மைதானத்தை விட ஆடுகளத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சொந்த ஊரில் முதல் நாளிலிருந்தே திரும்புகிற பிட்ச் போட்டுச் சுழலில் ஜெயிப்பது சுலபம், கோவையில் அப்படி ஜெயித்துவிட்டு மும்பையில் என்ன ஆனோம் என்று மேலே சொன்னேன். நான்கு உள்ளூர் ஆட்டத்தில் இரண்டையாவது புல் விட்ட ஆடுகளத்தில் ஆடுங்கள். ஒன்றில் தோற்கலாம். பரவாயில்லை. ஆனால் பேட்ஸ்மேன்களுக்குச் சீமில் நகரும் பந்து பழகும், வேகப்பந்து வீச்சாளனுக்கும் தன்னை நம்பி இந்த பிட்ச் போட்டிருக்கிறார்கள் என்கிற தைரியம் வரும். சாய் கிஷோர் போடும்போது மட்டும் விக்கெட் விழும், மற்ற நேரம் ஓவரை ஓட்டு என்கிற நினைப்போடு வேகப்பந்து வீச்சாளர் யாரும் வளர மாட்டார்.

அடுத்த சீசனில் தேறுவார்களா, மாட்டார்களா? ஒரே வார்த்தை போதும்.
– தாராபுரம் வாசகர்

ஒரே வார்த்தையில் முடியாதுங்க. ரஞ்சிக்கு முன்னால் புச்சி பாபு போட்டி வரும், கோவையில் ஆட்டம் வைத்தால் வண்டி எடுத்துக்கொண்டு போய் ஒரு நாள் பாருங்கள். அனுமதி, டிக்கெட் விவரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மாநில அணிக்கு இரண்டு வேகப்பந்து வீச்சாளர்கள் ஆடுகிறார்களா மூன்று பேரா, 80 ஓவர் முடிந்து இரண்டாவது புதுப் பந்து எடுக்கும்போது அவர்களில் யார் கையை நீட்டிப் பந்தைக் கேட்கிறார், சாயங்காலம் நாலரை மணிக்குப் போடும் ஓவரில் வேகம் குறைகிறதா என்று கவனியுங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் உங்கள் கடிதத்தோடு பதில் சொல்கிறேன்.